மருந்தடிக்காத இடம்

வாரத்தில் ஐந்து நாள்
மில்டூரா நகரசபையின் ஆரஞ்சுச் சட்டை போட்டு
நெருஞ்சிலுக்கு மருந்தடிக்கிறேன்.
சைக்கிள் பாதையோரம், பள்ளிக்கூட வேலி,
திராட்சை லொறிகள் திரும்பும் செம்மண் மூலை.
முதுகில் பதினைந்து லிட்டர்.
நீலச் சாயம் கலந்திருப்பதால்
எங்கே அடித்தேன், எங்கே விட்டேன் என்று
மண்ணே கணக்குச் சொல்லும்.

பூ மஞ்சள், ஒரு பாவமும் அறியாதது.
காய் அப்படியில்லை.
எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே நிற்கும்.
போன மாதம் ஒரே காலையில்
பதினொரு பிள்ளைகளின் சைக்கிளில் காற்றில்லை.
"இதை எவன்தான் இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தானோ"
என்றான் கிரெக்.
நான் பம்பை அழுத்திக்கொண்டே இருந்தேன்.

கோடை தொடங்க இரத்தப் பரிசோதனை வந்தது.
சிறுநீரகம் வடிக்கும் அளவு: நாற்பத்தொன்று.
பரீட்சையென்றால் தேறியிருப்பேன்.
உப்பைக் குறை, பிரஷர் குளிசையை விடாதே,
மூன்று மாதம் கழித்து வா என்றார் டொக்டர்.
மூன்று மாதம் சும்மா இருக்க எவனால் முடியும்?

அறைத் தோழன் தயாபரன்
திராட்சை பொதிசெய்யும் கொட்டகையிலிருந்து
ஒரு வைத்தியத்தோடு வந்தான்.
"நெருஞ்சில் குடியுங்கோ அண்ணை. கல்லே கரையும்."
எனக்குக் கல் இல்லை.
வவுனியாவிலிருந்து மனைவியின் குரற்பதிவு:
சிறுபீளை, மூக்கிரட்டை,
பின்னணியில் குக்கர் மூன்று விசில்.
மருந்துக்கடையில் பழுப்புப் போத்தல் ஒன்று
முப்பத்தொன்பது டொலர் தொண்ணூற்றைந்து சதம்.
மேலே எனக்குத் தெரிந்த அதே மஞ்சள் பூ.
கீழே, பல்கேரியாவில் விளைந்தது.
காலையில் இரண்டு விழுங்கிவிட்டு
வேலைக்குப் போய்
அதன் சொந்தக்காரரைக் கொன்றேன்.

போத்தல் முடிந்தது. காசும் முடிந்தது.
மருந்தடிக்காத நெருஞ்சில் எங்கே நிற்கிறதென்று
இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும்.
ஞாயிறு, பழைய ரயில் தண்டவாளத்துக்குப் பின்னால்
கையுறை போட்டுப் பிடுங்கினேன், வேரோடு.
காய்ச்சினால் நனைந்த வைக்கோல் வாசம்.
சொன்னவனே மூக்கைப் பொத்தினான்.
பத்தொன்பது நாள் குடித்தேன்.

முப்பத்தாறு.

"வீட்டில் விழுங்குவது எல்லாவற்றையும்
ஒரு பையில் போட்டுக் கொண்டுவா"
என்றாள் மரிசெல், சிறுநீரகப் பிரிவுத் தாதி.
மேசையில் கொட்டினேன்.
பல்கேரியா, கிரான்பெரி, மஞ்சள் குளிசை,
ஜாம் போத்தலில் என் கஷாயம்.
சிரிக்கவில்லை அவள். மணந்து பார்த்தாள்.
"எங்கள் அப்பா சம்போங் இலை குடித்தார், இலோய்லோவில்."
பிறகு? என்றேன்.
பேனாவை மூடித் திறந்தாள்.
"இதற்குள் என்ன இருக்கிறதென்று
உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.
எல்லாவற்றையும் நிறுத்து.
வேறு மருந்து ஏதும்?"

என் பாஷையில் முதுகில் சுமப்பதும் மருந்து,
தொண்டையில் இறங்குவதும் மருந்து.
அவளுக்கு அவை இரண்டு சொல்.
இல்லை என்றேன்.
பிறகு, முதுகு நோவுக்குப் போடுவது
காற்சட்டைப் பையிலிருந்து தானாக எட்டிப் பார்த்தது.
சூப்பர்மார்க்கெட்டில் சவர்க்காரத்துக்குப் பக்கத்தில் வாங்கியது.
தாங்கி கனத்தால் இரண்டு, வெயில் நாற்பத்துநாலென்றால் நான்கு.
எத்தனை நாளாக? என்றாள்.
நாள் இல்லை, வருஷம்.

முதல்முறையாக அவள் முகம் மாறியது.
அந்த அட்டையைத்தான் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.
நெருஞ்சில் ஜாம் போத்தலில் அசையாமல் நின்றது,
விடுதலை என்று யாரும் சொல்லவில்லை அதற்கும்.

திங்கள். வெறும் முதுகு, வெறும் நோ.
தாங்கியைப் பாதிதான் நிரப்பினேன்,
கிரெக் பார்த்தான், கேட்கவில்லை.
தண்டவாளத்துக்குப் பின்னாலும் அடித்துவிட்டேன்.
நீலமானது.
ஒரு கையகலம் விட்டேன், ஏனென்று கேட்காதீர்கள்.

மாலையில் வாசலில் குந்தி
குறடு வைத்துச் சப்பாத்தில் முள் பிடுங்கினேன்.
ஏழு வந்தது.
எட்டாவது எங்கே என்று யோசிக்கும்போது
உள்ளே, வெறுங்காலோடு நடந்த தயாபரன்
"ஐயோ" என்றான்.